விற்கத் தெரிந்தால் மட்டும் போதுமா?

டிப்ளமோ முடித்ததும் நம்மில் பலர் விற்பனை வேலைக்குத்தான் போகப் போகிறோம். நல்ல நிர்வாகிக்கு மூன்று திறன்கள் வேண்டும் என்று 1955-ல் ராபர்ட் காட்ஸ் எழுதினார்: தொழில்நுட்பத் திறன், மனிதரோடு பழகும் திறன், முழுமையாகச் சிந்திக்கும் திறன். விற்பவருக்கும் இவை பொருந்தும்.

எங்கள் கிணற்றில் தண்ணீர் 40 அடிக்கு இறங்கியபோது அப்பா மோட்டார் வாங்கப் போனார். கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்து, "பெரிய ஹெச்.பி. போடுங்கண்ணே, பிச்சுக்கிட்டு வரும்" என்று மோனோபிளாக் பம்ப்பைத் தலையில் கட்டிவிட்டார். மேட்டில் வைக்கும் பம்ப் சுமார் 25 அடிக்கு மேல் உறிஞ்சாது. ஹெச்.பி. கூடினால் காற்றழுத்தம் கூடிவிடுமா? அம்மாவின் தோடு அடகுக்குப் போனதுதான் மிச்சம்!

அவரிடம் பழகும் திறன் மட்டும் இருந்தது. "தண்ணி எத்தனை அடியில இருக்கு?" என்று கேட்பது தொழில்நுட்பத் திறன். அடுத்த கோடையில் இன்னும் இறங்கினால், பைப் செலவையும் சேர்த்து இவருக்குக் கட்டுமா என்று யோசிப்பது மூன்றாவது திறன்.

நாளை நம்மிடம் வாங்க வருபவரும் யாரோ ஒருவரின் அப்பாதான். விலை சொல்லுமுன் கேள்வி கேட்போம்!