1860: ஒரே தேர்தல், மூன்று மாநிலங்கள்

இந்தப் பாடத்தை நியூ ஜெர்சியிலும் படிக்கிறார்கள். கலிபோர்னியாவிலும், டெக்சாஸிலும் படிக்கிறார்கள். நீங்க எந்த ஊர்? 1860-இல் உங்க மாநிலம் என்ன செய்தது என்று பார்ப்போமா?

அந்த ஆண்டு நவம்பர் 6 அன்று அமெரிக்க அதிபர் தேர்தல் நடந்தது. நான்கு பேர் போட்டியிட்டார்கள். வென்றவர் ஆபிரகாம் லிங்கன். ஆனால் 100 பேரில் சுமார் 40 பேர்தான் அவருக்கு வாக்களித்திருந்தார்கள்!

சண்டை எதைப் பற்றி? அடிமை முறையைப் பற்றி. தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்களை விலைக்கு வாங்கி, கூலி கொடுக்காமல் வேலை வாங்கினார்கள். புதிய பகுதிகளுக்கு இது பரவக் கூடாது என்றார் லிங்கன்.

நியூ ஜெர்சி வடக்கு மாநிலம். ஆனாலும் லிங்கனை முழு மனசோட ஏத்துக்கல. நெவார்க் நகரத் தொழிற்சாலைகள் காலணி, குதிரைச் சேணம், வண்டி எல்லாம் செய்து தெற்கில் விற்றன. வாங்குறவங்களைப் பகைச்சுக்க யாருக்கு மனசு வரும்? மாநிலத்தின் 7 தேர்வாளர் வாக்குகளில் லிங்கனுக்கு 4, டக்ளஸுக்கு 3 கிடைத்தன.

கலிபோர்னியாவுக்கு முடிவு தெரியவே சுமார் ஒரு வாரம் ஆனது. தந்திக் கம்பி பாதி வழிதான் இருந்தது. நடுவில் குதிரை வீரர்கள் மாறி மாறிச் செய்தியைக் கொண்டு போனார்கள். (இப்போ வைஃபை ஒரு நிமிஷம் நின்னாலே நாம கத்துறோம்!) அங்கே ஆயிரத்துக்கும் குறைவான வாக்குகளில்தான் லிங்கன் வென்றார். "நாம தனி நாடா போயிடலாம்" என்றுகூடச் சிலர் பேசினார்கள். ஆனால் கலிபோர்னியா பிரியவில்லை.

டெக்சாஸ் கதை வேறு. அந்தக் காலத்தில் வாக்குச் சீட்டை அரசாங்கம் அச்சிடாது. கட்சிகளே அச்சிட்டுக் கொடுக்கும். டெக்சாஸில் லிங்கன் பெயரோடு ஒரு சீட்டும் இல்லை. பிறகு எப்படி வாக்களிப்பது? 1861 பிப்ரவரி 1 அன்று, நாட்டை விட்டுப் பிரியலாம் என்று 166 பேர் கை தூக்கினார்கள். வேண்டாம் என்றவர்கள் 8 பேர்தான்.

ஆளுநர் சாம் ஹூஸ்டனும் வேண்டாம் என்றார். ஆமாம், ஹூஸ்டன் நகரத்துக்கு அவர் பெயர்தான்! தெற்கின் புதிய அரசுக்கு உறுதிமொழி எடுக்க மறுத்தார். பதவி போனது. ஆனால் அவரும் அடிமைகளை வைத்திருந்தவர்தான். என் மகள், "அப்போ அவர் நல்லவரா, கெட்டவரா?" என்று கேட்டாள். எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியல.

ஏப்ரல் 12 அன்று உள்நாட்டுப் போர் தொடங்கியது. டெக்சாஸில் அப்போது 1,80,000-க்கும் மேற்பட்ட அடிமைகள் இருந்தார்கள். அவர்களிடம் யாரும் வாக்குக் கேட்கவில்லை. அவர்களுக்கு விடுதலை என்ற அறிவிப்பு 1865 ஜூன் 19 அன்றுதான் கால்வெஸ்டன் நகரில் வந்தது. அதுதான் இப்போது நாம் கொண்டாடும் ஜூன்டீன்த்.