விலைக்கு வரும் மாளிகைகள்

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் பெரும் மாளிகைகள் விற்பனைக்கு வரும்போது, அவற்றிற்குக் கோரப்படும் விலையைக் கண்டு பிரமிப்போர் பலர். ஆனால் கிரயத் தொகையன்று, பராமரிப்புச் செலவே அம்மாளிகைகளின் விதியை நிர்ணயிப்பது. அச்செலவை ஏற்க வேண்டியவர் யார் என்பதே இங்கு விசாரிக்கத்தக்க விஷயம்.

முற்காலத்தில் இவை விலைக்கு வருவதே அரிது. மூதாதையர் எழுதிவைத்த ஏற்பாடுகளின்படி, பிரபுவானவர் பெரும்பாலும் ஆயுட்கால அனுபவ பாத்தியதை மட்டுமே உடையவராயிருந்தார். 1882-ஆம் வருஷத்துச் சட்டம் நிலத்தை விற்கும் அதிகாரத்தை அவருக்கு அளித்தது. எனினும் பிரதான மாளிகையை விற்க, தர்மகர்த்தாக்களின் சம்மதமோ நியாயஸ்தலத்தின் உத்தரவோ வேண்டியிருந்தது. அக்காலத்திலேயே அமெரிக்கக் கோதுமை மலிவாக வந்திறங்கியதால் குத்தகை வருமானம் குன்றிற்று. 1894-ல் விதிக்கப்பட்ட மரண வரி அதிகபட்சம் நூற்றுக்கு 8 ஆக இருந்தது. அது 1919-ல் 40 ஆகவும், 1949-ல் 80 ஆகவும் உயர்ந்தது. வருமானம் சுருங்கி வரி வளர்ந்தால், எஞ்சுவது விற்பனை ஒன்றே.

டெவன்ஷயரிலிருந்த ஹால்டன் மாளிகையின் சரித்திரம் நமக்கு முற்றும் அந்நியமானதன்று. 1763 முதல் 1767 வரை சென்னைக் கவர்னராயிருந்த ராபர்ட் பாக், தாயகம் திரும்பியபின் அதை வாங்கினார். நமது கரைக்கும் இலங்கைக்கும் இடைப்பட்ட நீரிணை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இந்நாட்டில் ஈட்டிய செல்வத்தால் சிறப்புற்ற அம்மாளிகை அவர் சந்ததியாரிடம் நிலைக்கவில்லை. கடனால் கைமாறி, சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் பெரும்பாலும் இடிக்கப்பட்டது. தம் நண்பரான ஸேனாதிபதி லாரன்ஸின் ஞாபகார்த்தமாகப் பாக் 1788-ல் எழுப்பிய கோபுரம் மட்டும் குன்றின்மீது நிற்கிறது.

அவ்வாறாயின், சர்க்கார் பணத்தைக் கொண்டு பிரபுக்களின் வீடுகளைக் காப்பாற்றுவது நியாயமா? இக்கேள்விக்கு இரண்டு திருஷ்டாந்தங்கள் விடை தருகின்றன. பக்கிங்ஹாம்ஷயரிலுள்ள மென்ட்மோர் மாளிகையை, அதிலிருந்த கலைப்பொருள்களுடன் 20 லட்சம் பவுனுக்குத் தர ரோஸ்பரி பிரபு முன்வந்தார், சர்க்கார் மறுத்தனர். 1977-ல் அப்பொருள்கள் மட்டுமே 60 லட்சம் பவுனுக்கு மேல் ஏலம் போய்ச் சிதறின. காலந்தாழ்ந்து விழித்துக்கொண்ட தேசம், 1980-ல் இத்தகைய பொக்கிஷங்களுக்கென ஒரு நிதியை ஸ்தாபித்தது.

மற்றொன்று, யார்க்‌ஷயரில் 600 அடிக்கு மேல் நீண்ட முகப்புடைய வென்ட்வொர்த் உட்ஹவுஸ். 1946-ல் மந்திரி ஷின்வெல்லின் உத்தரவால் அதன் தோட்டம் நிலக்கரிக்காக வாசலருகே வரை தோண்டப்பட்டபோது, சுரங்கத் தொழிலாளரின் தலைவர்களே அதனை ஆட்சேபித்தனர். பிரபுவின் தோட்டத்தைத் தம் ஊரின் தோட்டமாகவே அவர்கள் கருதியிருந்தார்கள். 2017-ல் ஒரு பாதுகாப்பு அறநிலையம் அம்மாளிகையை 70 லட்சம் பவுனுக்கு வாங்கியது. பழுதுபார்க்க அதற்கு முந்திய வருஷம் சர்க்கார் அறிவித்த உதவியோ 76 லட்சம் பவுன்; அதாவது கிரயத்தினும் அதிகம்! இன்று அங்கு பொதுஜனங்கள் சென்று பார்க்கலாம்.

இதிலிருந்து பெறப்படும் நியாயம் தெளிவானது. பூட்டிய கதவுக்குள் ஒருவர் சுகித்திருப்பதற்கு ஜனங்களின் வரிப்பணம் செல்லலாகாது. கதவு திறக்கப்படுமாயின், அம்மாளிகையை எழுப்பிய கொல்லனும் தச்சனும் கொத்தனும் செய்த வேலை அவர்களுடைய சந்ததியாரின் சொத்தாகிறது. அதைக் காப்பதற்குச் செலவிடுவது தானமன்று, கடமையே ஆகும்.