எந்த நோய்க்கு எந்த ஆஸ்பத்திரி?

வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றதும் நாம் முதலில் கேட்பது, "எது நல்ல ஆஸ்பத்திரி?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இரண்டு உண்டு. இந்த நோய் எவ்வளவு நேரம் பொறுக்கும்? இதைத் தீர்க்க என்ன வசதி வேண்டும்? டீ ஆறுவதற்குள் இந்த இரண்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

முதலில் நேரம். நெஞ்சை அழுத்தும் வலி, அதோடு வியர்வை, திடீரென்று முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை துவண்டு விழுவது, பேச்சு குழறுவது, மூச்சுத் திணறல், நிற்காத ரத்தப்போக்கு, நினைவு தப்புவது. இவை பொறுக்காத நோய்களின் அறிகுறிகள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். ஆட்டோவில் போனால் சீக்கிரம் போய்விடலாமே என்று தோன்றும். ஆட்டோவில் ஆக்சிஜன் கிடையாது. 108 வண்டியில் ஆக்சிஜனும் இருக்கும், பயிற்சி பெற்ற உதவியாளரும் இருப்பார். சிகிச்சை வண்டியிலேயே தொடங்கிவிடும்.

பக்கவாதத்தை எடுத்துக்கொள்வோம். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியாக உறைந்து அடைத்துக்கொள்வதால்தான் பெரும்பாலும் இது வருகிறது. வாய்க்காலில் மண் சரிந்தால் கடைமடைப் பயிர் வாடுவதைப் போல, அடைப்புக்கு அப்பாலுள்ள மூளைப் பகுதி வாடத் தொடங்குகிறது. அந்த அடைப்பைக் கரைக்க ஊசிமருந்து இருக்கிறது. ஆனால் அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் அதைப் போட வேண்டும். சிலருக்குக் குழாய் அடைக்காமல் வெடித்திருக்கும். அவர்களுக்கு அதே மருந்து ஆபத்து. எது என்று பிரித்துச் சொல்வது சி.டி. ஸ்கேன். ஆகவே ஸ்கேன் வசதி இல்லாத இடத்தில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு காத்திருந்தால், போவது திரும்பி வராத நேரம்.

இதைக் கேட்டதும், "அப்படியென்றால் எதற்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கே போய்விடலாமே" என்று தோன்றும். நம் எல்லோருக்கும் இருக்கிற தவறான எண்ணம் இதுதான். பெரிய இடம், பெரிய டாக்டர் என்றால் எல்லா நோய்க்கும் நல்லது என்று நினைக்கிறோம். உண்மை அப்படியில்லை. ஏன் என்று பார்ப்போம்.

ஒருவருக்குத் தலைசுற்றல். மூளையில்தான் ஏதோ கோளாறு என்று பயந்து நேராக நரம்பியல் நிபுணரிடம் போகிறார். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வருகிறது. மனசு நிம்மதி அடைகிறது, தலைசுற்றல் மட்டும் அப்படியே இருக்கிறது. தலைசுற்றல் காதிலிருந்து வரலாம், ரத்தசோகையால் வரலாம், சர்க்கரை குறைந்தால் வரலாம், பிரஷர் மாத்திரையின் அளவு கூடினாலும் வரலாம். ஒரு நல்ல பொது மருத்துவர் படுக்கவைத்து ஒருமுறை, நிற்கவைத்து ஒருமுறை ரத்த அழுத்தம் பார்ப்பார். கண் இமையைக் கீழே இழுத்து வெளுத்திருக்கிறதா என்று பார்ப்பார். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பார்.

நிபுணருக்கு ஒரு உறுப்பைப் பற்றி ஆழமாகத் தெரியும். கோளாறு எந்த உறுப்பில் என்பதே தெரியாதபோது, உடம்பு முழுவதையும் பார்ப்பவர்தான் நமக்குத் தேவை. அவர் கடிதம் எழுதி அனுப்பிய பிறகு நிபுணரிடம் போனால், அங்கே செலவாகும் பணத்துக்கும் நேரத்துக்கும் பயன் இருக்கும்.

காய்ச்சல், இருமல், வயிற்றுப்போக்கு, ஆறாத சிறு புண், கர்ப்பகாலப் பரிசோதனை, குழந்தைக்குத் தடுப்பூசி ஆகியவற்றுக்கு ஆரம்ப சுகாதார நிலையமோ தெரு முனையிலுள்ள பொது மருத்துவரோ போதும். நாய் கடித்தால் முதல் வேலையாகக் கடிவாயை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். பிறகு அன்றைக்கே ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்த ஊசியை இலவசமாகவே போடுகிறார்கள்.

அடுத்து, வருஷக்கணக்கில் கூடவே வரும் சர்க்கரையும் பிரஷரும். இவற்றுக்கு முக்கியம் ஒரே இடத்தில் தொடர்ந்து பார்ப்பது. மாதத்துக்கு ஒரு டாக்டரை மாற்றினால், ஒரே மருந்தை இரண்டு வேறு பெயர்களில் வாங்கி இரண்டையும் விழுங்கும் ஆபத்து உண்டு. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இந்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. வசதி குறைந்தவர்களுக்கானதுதானே என்று ஒதுக்க வேண்டாம். விடாமல் சாப்பிடும் சாதாரண மாத்திரை, விட்டுவிட்டுச் சாப்பிடும் விலையுயர்ந்த மாத்திரையைவிட மேல்.

பெரிய ஆஸ்பத்திரி உண்மையிலேயே தேவைப்படும் இடங்களும் இருக்கின்றன. இதய அறுவை, புற்றுநோய், சிக்கலான பிரசவம் போன்றவற்றுக்கு மயக்க மருந்து நிபுணர், ரத்த வங்கி, தீவிர சிகிச்சைப் பிரிவு எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்க வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனையும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இதற்காகத்தான் இருக்கின்றன. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால், திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் பல சிகிச்சைகளைக் கட்டணமின்றிப் பெறலாம். அட்டையை முன்கூட்டியே எடுத்து வைத்திருக்க வேண்டும்.

எங்கே போனாலும் பழைய சீட்டுகளையும் சாப்பிடும் மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். இன்றைக்கே ஒரு தாளில் மூன்று விஷயங்களை எழுதி, காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்: 108, உங்களை அறிந்த பொது மருத்துவரின் எண், இரவிலும் சி.டி. ஸ்கேன் எடுக்கும், உங்கள் வீட்டுக்கு மிக அருகிலுள்ள மருத்துவமனையின் பெயர். அந்த மூன்றாவது பெயர் தெரியவில்லை என்றால், எல்லோரும் நலமாக இருக்கும்போதே விசாரித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.