படுக்கையில் விழுந்தால் யார் பார்ப்பார்கள்?

முதியோர் இல்லம் என்றாலே 'பெத்தவங்களைத் தள்ளிட்டாங்க' என்று பேசுகிற வழக்கம் இன்னும் போகவில்லை. பிள்ளை இல்லாதவர்கள், பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பவர்கள், தாங்களே விரும்பிப் போகிறவர்கள் என்று எத்தனையோ பேர். என் வீட்டுக்காரரின் அத்தைக்காக ஆறு இடம் ஏறி இறங்கினோம். அதில் தெரிந்துகொண்டதை மற்ற சகோதரிகளுக்கும் சொல்கிறேன்.

இல்லங்களில் மூன்று வகை உண்டு. ஒன்று, ஆதரவற்றவர்களுக்கான இலவச இல்லம். மாவட்டத்துக்கு ஒன்றாவது, 150 பேராவது தங்குகிற மாதிரி அரசு அமைக்க 2007-ம் ஆண்டு மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. இரண்டு, மாதக் கட்டணம் கட்டும் இல்லம். அறை, சாப்பாடு எல்லாம் அதில் அடக்கம். மூன்று, கோவைப் பக்கம் நிறைய வந்திருக்கும் முதியோர் குடியிருப்புகள். வீட்டை விலைக்கோ குத்தகைக்கோ எடுத்துக்கொண்டு, சாப்பாட்டுக்கும் பராமரிப்புக்கும் மாதாமாதம் தனியாகக் கட்ட வேண்டும்.

போய்ப் பார்த்தால் தோட்டம், பூஜை அறை, டி.வி. என்று எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். அதில் மயங்கிவிடாதீர்கள். 'படுத்த படுக்கையானால் வைத்துக்கொள்வீர்களா?' என்று முதலில் கேளுங்கள். நாங்கள் கேட்டதில் நாலு இடத்தில், 'தன் வேலையைத் தானே செய்துக்கிற வரைக்கும்தான்' என்றார்கள். ஒரு இல்லத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பாட்டியை, ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ஊருக்கு அழைத்துப்போகச் சொல்லிவிட்டார்களாம். அங்கிருந்த பாட்டிகளே ரகசியமாகச் சொன்னார்கள். எழுபது வயசில் இடம் மாறுவது ஒரு மாதிரி. எண்பதில் படுக்கையோடு எங்கே போவது?

ராத்திரியில் ஆள் இருப்பார்களா, அவசரத்துக்கு எந்த ஆஸ்பத்திரி, ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளக் கூடுதலாக எவ்வளவு, ஒத்துவராமல் திரும்பினால் டெபாசிட் பணம் எத்தனை நாளில் வரும் என்பதையும் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா, தரை வழுக்குகிறதா என்று பாருங்கள். சாப்பாட்டு நேரத்தில் சொல்லாமல் போனால் பாதி விஷயம் விளங்கிவிடும். 14567 என்ற மூத்த குடிமக்கள் உதவி எண்ணுக்கு போன் செய்தாலும் இல்லங்கள் பற்றி விவரம் சொல்கிறார்கள். இலவசம்தான்.

முக்கியமாக, போகப்போகிறவரைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். எங்களுக்குப் பிடித்த பெரிய குடியிருப்பை அத்தை வேண்டாமென்று சொல்லிவிட்டார். நர்ஸ் அறைக்குப் பக்கத்திலேயே படுக்கை உள்ள ஒரு சின்ன இல்லத்தைத்தான் தேர்ந்தெடுத்தார். 'தோட்டத்தை நாலு வருஷம் பார்ப்பேன், அப்புறம் யாராவது என்னைப் பார்க்கணுமே' என்றார். நியாயம்தானே?

- ஒரு வாசகி, ஈரோடு