குறைந்த செலவில் ஒலிப்பதிவு அறை

கூட்டுறவுச் சங்கம் தன் அங்கத்தினர்களுக்குத் தெரிவிக்க வேண்டிய செய்திகள் பல. பேரவைக் கூட்டம் கூடும் நாள், நூல் வழங்கும் நாள், கூலி பட்டுவாடா, பயிர்க்கடன் தவணை ஆகியவற்றை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறோம். ஆயினும் எழுத்தறியாத முதியோரும், தறியிலே கண் தேய்ந்த நெசவாளரும் பிறரை வினவித்தான் அவற்றை அறிய வேண்டியிருக்கிறது. தவணைக்குள் செலுத்தினால் வட்டியில்லாத பயிர்க்கடன், நாள் தவறினால் வட்டியோடு வளர்கிறது. அறியாமையால் நேரும் இந்நட்டத்தை ஒரு நிமிடக் குரற்செய்தி தடுத்துவிடக் கூடும். மேலும், பாடக் காணொளி, விளம்பரம், ஒலிப்புத்தகம் முதலியவற்றுக்குக் குரல் கொடுத்துப் பொருளீட்ட நம் பிள்ளைகள் சிலர் விரும்புகின்றனர். இவ்விரண்டிற்கும் தேவையானது தெளிவான ஒலிப்பதிவு. அதனைச் சிக்கனமாக அமைக்கும் முறையை இங்கு விளக்குவோம்.

முன்னோர் காட்டிய வழி

குரலால் தொழில் வளர்ப்பது நமக்குப் புதிதன்று. 1960-களின் பிற்பகுதியில் ஆடுதுறை 27 என்னும் நெல் இரகம், திருச்சி வானொலியின் வேளாண்மை நிகழ்ச்சிகள் வாயிலாகத் தஞ்சை உழவரிடையே பரவிற்று. மக்கள் அதனை ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தனர். அன்று ஒலிப்பதிவுக்கு அரசாங்கத்தின் பெரிய நிலையம் வேண்டியிருந்தது. பின்னர் நிலைமை மாறிற்று. இன்று தெலங்கானாவில் அடங்கிய மாச்சனூர் என்னும் சிற்றூரில் உழவுத் தொழில் புரியும் பெண்களே பேசிப் பதிந்து நடத்தும் ‘சங்கம் ரேடியோ’ 2008 அக்டோபர் 15-ஆம் நாள் தொடங்கிற்று. ஒலிபரப்பு உரிமம் கிடைக்கும் முன்னரே அவர்கள் நாடாவில் பதிந்து, தம் சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டு வந்தனர். உரக் கூட்டுறவு நிறுவனமாகிய இப்கோ, 2007 முதல் கைபேசி வாயிலாக உழவர்களுக்குக் குரற்செய்திகளை அனுப்பும் பணியைத் தொடங்கிற்று. 2016-இல் பாம்பனில் மீனவர்களுக்கென ‘கடல் ஓசை’ தோன்றிற்று. இவற்றிலிருந்து நாம் அறிவது யாதெனில், பயன் தருவது கருவியின் விலையன்று. செய்தியின் தேவையும் சொல்லின் தெளிவுமே என்பதாம்.

அறையே முதற் கருவி

ஒலிப்பதிவு என்றதும் விலை உயர்ந்த மைக்கை வாங்க நினைப்பது இயல்பு. அது தவறான தொடக்கமாகும். ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 1,100 அடி செல்கிறது. பத்தடி அகலமுள்ள அறையில் நாம் உரைத்த சொல், எதிர்ச்சுவரில் மோதி விநாடியின் ஐம்பதில் ஒரு பங்குக்குள் திரும்பி வந்துவிடும். இவ்வாறு பன்முறை திரும்பும் ஒலி நம் குரலோடு கலப்பதால், குடத்துக்குள் பேசியது போன்ற பதிவு கிடைக்கிறது. நம் செவி இதனைப் பொருட்படுத்துவதில்லை. மைக்கோ அப்படியே பதிந்து கொள்கிறது. நல்ல மைக் இக்குறையை இன்னும் நன்றாகப் பதியும் என்பதை நினைவிற் கொள்க.

அறையைச் சோதிப்பது எளிது. நடுவில் நின்று ஒருமுறை கைதட்டுக. ஓசை உடனே அடங்கினால் அறை நன்று. ‘கணீர்’ என வால் நீண்டால் திருத்தம் வேண்டும். வெறுமையான சிமெண்டு அறையைவிட, மெத்தையும் துணி மூட்டையும் அடுக்கிய சிறிய அறையே சிறந்தது.

பருத்தியின் உதவி

டி. கல்லுப்பட்டியைச் சூழ்ந்த கரிசல் நிலத்தில் பருத்தி விளைவிப்போரும், பருத்தி நூலை நெய்வோருமாகிய நமக்கு இவ்விஷயத்தில் தனி வசதி உண்டு. எதிரொலியை அடக்கும் பொருள் நம் கையிலேயே இருக்கிறது. பஞ்சின் நுண்ணிய இடைவெளிகளில் புகும் காற்றதிர்வு, உராய்வினால் தேய்ந்து அடங்கிவிடும். ஆனால் கனம் வேண்டும். மெல்லிய சேலையைத் தொங்கவிட்டால் கூர்மையான ஓசை மட்டும் குறைந்து, தாழ்ந்த ஓசை மந்தமாக நின்றுவிடும். இரண்டு அங்குலப் பஞ்சு மெத்தையோ, பல மடிப்பாக மடித்த ஜமக்காளமோ ஏற்றது. சுவரோடு ஒட்டாமல் இரண்டு மூன்று அங்குலம் விலக்கித் தொங்கவிட்டால் பயன் மிகும். மூங்கிலாலான ஆறடி உயரச் சட்டங்கள் மூன்றை, பேசுவோரின் பின்புறத்திலும் இரு பக்கங்களிலும் நிறுத்தினால் தொடக்கத்திற்குப் போதுமானது. முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டுவதால் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. பஞ்சு எளிதில் தீப்பற்றும். ஆகையால் சூடேறும் விளக்கும் பழுதுற்ற மின்கம்பியும் அருகில் இருத்தல் கூடாது.

இம்மெத்தைகள் எதிரொலியைத்தான் அடக்கும். வெளி ஓசையைத் தடுக்க மாட்டா. அதற்குக் கனத்த சுவரும் இடுக்கில்லாத கதவும் வேண்டும். இராஜபாளையம் சாலையில் செல்லும் லாரியையும் பக்கத்து வீட்டுத் தறியையும் நாம் நிறுத்த இயலாது. பதியும் நேரத்தை மாற்றிக்கொள்ள இயலும். தறி ஓய்ந்த இரவோ விடியற்காலமோ தகுந்தது. கதவு இடுக்குகளைத் துணியால் அடைத்து, மின்விசிறியையும் குளிர்பதனப் பெட்டியையும் நிறுத்திவிட வேண்டும். கோடையில் பத்து நிமிடத்திற்கு ஒருமுறை ஓய்வு கொள்வது நலம்.

மைக்கும் பதியும் முறையும்

தொடக்கத்தில் கையிலுள்ள கைபேசியே போதும். அடுத்த படியாகச் சட்டையில் மாட்டும் சிறு மைக்கைச் சில நூறு ரூபாயில் வாங்கலாம். தொழிலாக மேற்கொள்வோர் கணினியில் நேரே இணையும் யு.எஸ்.பி. மைக்கைச் சில ஆயிரம் ரூபாயில் பெறலாம். மைக்குகளில் டைனமிக், கன்டென்சர் என இருவகை உண்டு. கன்டென்சர் நுட்பமானது, ஆதலால் தெரு ஓசையையும் நுட்பமாகவே வாங்கும். ஓசை மிகுந்த இல்லத்திற்கு, வாயருகே வைத்துப் பேசும் டைனமிக்கே பொருத்தம்.

மைக்கிற்கும் வாய்க்கும் ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். நேர் எதிரே பேசாமல் சற்றே பக்கவாட்டில் பேசினால், ‘ப’ என்னும் எழுத்தில் எழும் மூச்சுக்காற்று மைக்கில் மோதாது. எம்பிராய்டரி வளையத்தில் மெல்லிய நைலான் துணியை இழுத்துக் கட்டி இடையில் வைத்தாலும் காற்றுத் தடைப்படும். மேசையின் அதிர்வு ஏறாதிருக்க மைக்கின் அடியில் மடித்த துணியை இடுக.

கணினியில் பதிவதற்கு ‘ஆடாசிட்டி’ என்னும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. குரலின் உச்சம் கழித்தல் 6 டெசிபல் அளவைத் தாண்டாமல் பார்த்துக் கொள்ளவேண்டும். பூஜ்யத்தை எட்டிக் கரகரத்த பதிவைச் செம்மையாகத் திருத்துவது அரிது. முதலில் பத்து விநாடி மௌனத்தைப் பதிந்து, காதணி ஒலிபெருக்கியில் கேட்டால் அறையின் ஓசை விளங்கிவிடும். மூலப் பதிவை ‘வேவ்’ வடிவிற் சேமித்து, அனுப்புவதற்கு மட்டும் எம்.பி.3 ஆக்குக. சங்கச் செய்தியாயின், ஒரு பதிவில் ஒரு விஷயமே போதும். தேதியையும் தொகையையும் இருமுறை சொல்லுக.

செலவும் எச்சரிக்கையும்

வருமானம் வருமுன் கடன் பெற்றுக் கருவி வாங்குவது விவேகமன்று. முதலில் அறையைத் திருத்தி, கைபேசியில் பத்துப் பதிவுகள் செய்து, பிறர் கேட்டுத் தெளிவு என்று ஒப்பிய பின்னரே மைக்கிற்குச் செலவிடுக. ‘மாதம் இவ்வளவு வருமானம் நிச்சயம், முதலில் முன்பணம் கட்டுக’ என்போரிடம் எச்சரிக்கை தேவை. வேலை தருபவர் கூலி கொடுப்பாரேயன்றி வாங்க மாட்டார். சங்கத்தின் பணத்தில் கருவி வாங்குவதாயின், துணைவிதி இடம் தருகிறதா என்று பார்த்து, நிர்வாகக் குழுவின் தீர்மானம் பெற்று, பற்றுச்சீட்டை வைத்து, இருப்புப் பதிவேட்டில் ஏற்றுவது கட்டாயம். பொறுப்பாளர் ஒருவரின் பெயரும் அதிற் குறிக்கப்பட வேண்டும்.

பதிவு செய்ய உரிமம் வேண்டியதில்லை; வானலையில் ஒலிபரப்ப மத்திய அரசின் உரிமம் வேண்டும். சினிமாப் பாட்டைப் பின்னணியாகச் சேர்ப்பது, உரிமையாளர் இசைவின்றேல் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி குற்றமாகலாம். இந்நாளில் சிறிதளவு பதிவைக் கொண்டே ஒருவர் குரலைப் போலப் பேசும் கணினிக் குரலை உண்டாக்கிவிடுகின்றனர். ஆகவே குரல் கொடுப்போர், தம் பதிவு எதற்கு, எவ்வளவு காலத்திற்குப் பயன்படும் என்பதை எழுத்தில் பெறாமல் கையொப்பமிடலாகாது.

உள்ளூர்ப் பொருளைக் கொண்டு உள்ளூர்த் தேவையை நிறைவேற்றுதலை வலியுறுத்திய ஜே. சி. குமரப்பா, தம் இறுதி ஆண்டுகளில் டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் வாழ்ந்தவர். அவர் வாழ்ந்த ஊரில், நம் பஞ்சும் நம் துணியும் கொண்டு அமையும் இச்சிற்றறை அக்கொள்கைக்கு ஏற்றதேயாகும். ஒவ்வொரு சங்கமும் அடுத்த தவணை நாளுக்கு முன்பாக ஒரு குரற்செய்தியையேனும் பதிந்து, தன் அங்கத்தினர் அனைவர்க்கும் சேர்ப்பிக்குமாயின், வட்டி நட்டத்திலிருந்து சில குடும்பங்களாவது காக்கப்படும்.