உங்களுக்குத் தெரியுமா? குப்பைமேட்டில் கூடு கட்டிய பறவைகள்

தாராவி பஸ் டெப்போ பக்கம், பாந்திரா-சயான் இணைப்புச் சாலையை ஒட்டி இருக்கும் மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா, ஒரு காலத்தில் பம்பாயின் குப்பைமேடு. மொத்தம் 37 ஏக்கர். ஒரு பக்கம் மித்தி ஆறு, மறுபக்கம் தாராவி. நிலம் பெருநகர வளர்ச்சி ஆணையத்தின் கையில் இருந்தது. அந்த நிலத்தைக் காடாக்க ஆணையத்துடன் கைகோத்தது உலக இயற்கை நிதியத்தின் இந்தியக் கிளை. 1983-ல் முதல் மரக்கன்றை நட்டவர் பறவையியல் மேதை சாலிம் அலி. 1994 ஏப்ரல் 22, புவி நாளன்று பூங்கா திறக்கப்பட்டது. இன்று அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட பறவை இனங்கள் பதிவாகியிருக்கின்றன. மரம் வளர வளர அவை தாமாகவே வந்து சேர்ந்தன.

உள்ளே போனால் செம்போத்தைத் தேடிப் பாருங்கள். கரிய உடல், செங்கல் நிற இறக்கை, சிவந்த கண். பறப்பதைவிடப் புதரடியில் நடப்பதுதான் அதற்குப் பிடிக்கும்; பூச்சி, நத்தை, ஓணான் என்று கிளறிக்கொண்டே போகும். நெல்லைப் பக்கத்துத் தோட்டங்களில் கேட்கும் அதே ‘ஊப் ஊப்’ குரல்தான். தாராவியின் 90 அடி ரோட்டிலிருந்து இவ்வளவு பக்கத்தில் அது கேட்கிறது என்பது நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. பெற்றோர்களே, ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போங்கள்.

தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில் பூங்காவுக்கு என்ன ஆகும் என்ற கவலை பம்பாய் உயர் நீதிமன்றம் வரை போனது. பூங்கா திட்டத்தில் சேராது என்று அங்கே சொல்லப்பட்டது. அந்த வாக்கு காப்பாற்றப்பட வேண்டும். நெருக்கியடித்து வாழும் இந்தப் பகுதிக்கு இவ்வளவு பெரிய மர நிழல் வேறு இல்லை.

பூங்காவின் முதல் கன்றை நட்ட சாலிம் அலிக்கு 1970-களில் ஜே. பால் கெட்டி விருது கிடைத்தது. பரிசு 50,000 டாலர். அன்றைக்கு அது பெருஞ்செல்வம். அதைக் கொண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் இயற்கைப் பாதுகாப்பு நிதி ஒன்றை ஏற்படுத்தினார். 1883-ல் பிறந்த அந்தக் கழகம் இன்றும் பறவை ஆராய்ச்சியில் முன்னணியில் நிற்கிறது.

இதே மும்பையின் விக்ரோலியில் பெரிய அலையாத்திக் காட்டைப் பராமரிப்பது கோத்ரெஜ் குடும்பத்தின் சூனாபாய் பிரோஜ்ஷா கோத்ரெஜ் அறக்கட்டளை. மும்பையில் நிலம் என்ன விலை விற்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

மகாராஷ்டிரம் முழுவதும் அலையாத்தியை அழிக்கக் கூடாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2005-ல் உத்தரவிட்டது. வழக்குத் தொடுத்தது ஒரு குடிமக்கள் அமைப்பு.

மும்பையை ஒட்டிய தானே கழிமுகம் 2015-ல் பூநாரை சரணாலயம் ஆனது. 2022-ல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏறியது. பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் விட்டு, நாக்கால் நீரை இழுத்துத் தள்ளி, அலகோரத்துச் சல்லடையில் பாசியை வடித்து உண்ணும். அந்தப் பாசியிலுள்ள நிறமிதான் சிறகுக்கு இளஞ்சிவப்பைத் தருகிறது. 2022-ல் 6 பூநாரைகளுக்கு ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் கருவி பொருத்தினார்கள். ஒன்றின் பெயர் சாலிம், ஒன்று ஹுமாயூன், இன்னொன்று நவி மும்பை! அவை குஜராத் வரை பறந்துபோன பாதை இதனால் தெரியவந்தது. கழிமுகத்தை மட்டும் காத்தால் போதாது, போகிற வழியில் இறங்கும் நீர்நிலைகளையும் காக்க வேண்டும் என்று சொல்ல இப்போது கையில் ஆதாரம் இருக்கிறது.

தாராவித் தமிழர் பலருக்குச் சொந்த மாவட்டமான திருநெல்வேலியில், நாங்குநேரி அருகே இருக்கிறது கூந்தன்குளம். தாராவிப் பூங்கா திறந்த அதே 1994-ல்தான் அது பறவைகள் சரணாலயமானது. ஆனால் ஊர்க்காரர்கள் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே காவல். மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் தெருவோர மரங்களில்கூடக் கூடு கட்டும். தீபாவளிக்கு வெடி கிடையாது. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து வளர்ப்பார்கள். எச்சம் கலந்த குளத்து மண் வயலுக்கு உரம். நன்கொடை என்றால் பணம் மட்டும்தானா? ஆண்டுதோறும் பண்டிகைச் சத்தத்தை விட்டுக்கொடுப்பதை நான் பெரிய கொடையாகவே மதிக்கிறேன்.

தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் ஜனவரி தோறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. மணிமுத்தாறில் இயங்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் முன்னின்று நடத்த, மாணவர்களும் உள்ளூர் ஆர்வலர்களும் குளம் குளமாகப் பிரிந்து எண்ணுகிறார்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் சில நாள் கூடுதலாகத் தங்க முடிந்தால், விசாரித்துவிட்டு நீங்களும் சேர்ந்துகொள்ளுங்கள்.