எப்படி இயங்குகிறது? மரக்கடிகாரம் செதுக்கும் எடுபிடி

கல்யாண வீட்டுச் சமையல்கட்டில் மூன்று பேர் உண்டு. இன்னின்ன பதார்த்தம் வேண்டும் என்று பட்டியல் கொடுக்கிற வீட்டுக்காரர். எதை முதலில் ஏற்றுவது, எந்த அண்டாவில் வைப்பது, எதைக் கடைசிக்கு ஒதுக்குவது என்று முடிவு செய்கிற தவசுப்பிள்ளை. மூன்றாவது, எடுபிடிப் பையன். சொன்னதை அப்படியே செய்வான். ருசி பார்க்க மாட்டான், ஏன் என்று கேட்க மாட்டான்.

வீட்டு மேசையில் வைத்து மரம் செதுக்கும் சி.என்.சி. இயந்திரம் இந்த மூன்றாவது ஆள்தான். அதைக் கொண்டு ஓர் அலங்காரக் கடிகாரம் செய்வதில் முக்கால்வாசி வேலை முதல் இருவருடையது.

வீட்டுக்காரர்: படம்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பலர் வாங்குவது 3018 என்ற சிறிய வகை. பெயரே அளவு: 30 செ.மீ. நீளம், 18 செ.மீ. அகலம். வெட்டும் பிட் வட்டத்துக்கு வெளியே சுற்றிவரவும் இடம் வேண்டும் என்பதால் முகப்பின் விட்டத்தை 16 செ.மீ.யோடு நிறுத்திக்கொள்ளலாம். இங்க்ஸ்கேப் போன்ற இலவச மென்பொருளிலேயே வரைந்துவிடலாம்.

வட்டத்தின் நடுப்புள்ளி பூஜ்யம். எண்கள் 30 பாகைக்கு ஒன்று. நடுவிலிருந்து 60 மி.மீ. தள்ளி வைத்தால், 3 மணி நேர் வலது பக்கம் 60 மி.மீ.யில் நிற்கும், 1 மணி வலது பக்கம் 30, மேலே 51.96. படமாக நாம் பார்ப்பதெல்லாம் இயந்திரத்துக்கு இப்படிப்பட்ட எண் ஜோடிகள்தான்.

பின்பக்கத்துக்கும் ஒரு படம் உண்டு. கடைகளில் கிடைக்கும் குவார்ட்ஸ் மெஷின் பெரும்பாலும் 56 மி.மீ. சதுரம். அதற்கு 60 மி.மீ. சதுரக் குழி, நடுவில் தண்டு நுழைய 8 மி.மீ. துளை. பலகை 18 மி.மீ. கனம் என்றால் 12 மி.மீ. தோண்டி 6 மி.மீ. மீதம் விடலாம். தண்டின் மரைப் பகுதி அந்த 6 மி.மீ.யையும் வாஷரையும் தாண்டி வெளியே வந்தால்தான் நட்டு பிடிக்கும். ஆகவே மெஷினை வாங்கி அளந்துவிட்டுப் படம் போடுவதுதான் முறை.

தவசுப்பிள்ளை: வழி

படத்தை வாங்கி, பிட் எந்தப் பாதையில் ஓட வேண்டும் என்று கணக்கிடுவது கேம் எனப்படும் மென்பொருளின் வேலை. முதல் கணக்கு பிட்டின் கனம். 3.175 மி.மீ. பிட் கோட்டின் மேலேயே ஓடினால் கடிகாரம் சுற்றளவு முழுக்க 1.6 மி.மீ. இளைத்துவிடும். அதனால் பாதையை அந்த அளவு வெளியே தள்ளிப் போட வேண்டும்.

எண்களுக்குக் கூர்முனை வி-பிட். முகப்பில் தமிழ் எண்களை வைத்தால் இதன் அழகு நன்றாகத் தெரியும். 90 பாகை முனை எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ அதைப்போல் இரண்டு மடங்கு அகலமாக வெட்டும். ௩ என்ற எண்ணில் கோடு 4 மி.மீ. தடித்த இடத்தில் பிட் 2 மி.மீ. இறங்கும், சுழிந்து 1 மி.மீ.யாக மெலிகிற இடத்தில் அரை மி.மீ.க்கு மேலேறிவிடும். எழுத்தாணியின் அழுத்தம் மாதிரி தெரிவதெல்லாம் இந்த ஏற்ற இறக்கம்தான்.

அடுத்தது வேகம். பிட் நிமிடத்துக்கு 10,000 சுற்று, வெட்டும் விளிம்பு இரண்டு, நகர்வது நிமிடத்துக்கு 1,000 மி.மீ. என்றால் ஒவ்வொரு விளிம்பும் 0.05 மி.மீ. மரத்தைச் சீவும். மெதுவாக ஓட்டினால் மரத்துக்கு நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் சீவல் மெலிந்து தூளாகிவிட்டால் விளிம்பு வெட்டாமல் தேய்க்க ஆரம்பிக்கும். சூடேறி மரம் கருகும். சீவலாக உதிர்கிறதா, தூளாகப் பறக்கிறதா என்று பார்த்தே வேகம் சரியா என்று சொல்லிவிடலாம். தேக்கில் சிலிக்கா இருப்பதால் பிட் சீக்கிரம் மழுங்கும். பழகுவதற்கு ரப்பர் மரம் தோதானது.

வரிசையும் முக்கியம். அப்பளத்தைக் கடைசியில்தான் பொரிப்பார்கள். இங்கே கடைசி வேலை வெளிவட்டம். அதை முதலில் அறுத்தால் முகப்புக்குப் பிடிமானம் போய்விடும். கடைசியில் அறுக்கும்போதும் நாலைந்து இடத்தில் சின்னப் பாலம் விட்டு, பிறகு கையால் வெட்டி எடுக்க வேண்டும்.

சீட்டு

தவசுப்பிள்ளை எடுபிடிக்கு எழுதித் தரும் சீட்டுதான் ஜி-கோடு. 'ஜி1 எக்ஸ்30 ஒய்51.96 எஃப்1000' என்றால் 1 மணிப் புள்ளிக்கு நிமிடத்துக்கு 1,000 மி.மீ. வேகத்தில் நேர்கோட்டில் போ என்று பொருள். ஜி0 வெட்டாமல் விரைந்து போவது. ஜி2, ஜி3 வளைவு.

எண்களைக் கொடுத்து இயந்திரத்தை நடத்தும் யோசனை ஹெலிகாப்டர் இறக்கை வேலையில் பிறந்தது. அமெரிக்காவின் ஜான் பார்சன்ஸ் தொடங்கிவைக்க, எம்.ஐ.டி. கூடம் 1952இல் இயக்கிக் காட்டியது. 2009இல் தொடங்கிய ஜி.ஆர்.பி.எல். என்ற இலவச நிரல், அர்டுயினோ ஊனோ என்ற சின்னப் பலகையே அந்த வேலையைச் செய்யும்படி ஆக்கியது.

எடுபிடி: நடை

இயந்திரத்தை நகர்த்துவது ஸ்டெப்பர் மோட்டார். ஒரு சுற்றுக்கு 200 அடி. ஒவ்வோர் அடியையும் 16 ஆகப் பிரித்தால் 3,200. ஒரு சுற்றுக்கு 4 மி.மீ. நகரும் திருகோடு இணைத்தால் மில்லிமீட்டருக்கு 800 அடி. இத்தனை நுணுக்கம் இருந்தும் ஒன்று மட்டும் இல்லை: கண். எடுபிடி கண்ணைக் கட்டிக்கொண்டு அடியெண்ணி நடக்கிறவன். நடுவே யாராவது இடித்துவிட்டால் அவனுக்குத் தெரியாது. எண்ணிக்கை சரியாக இருக்கும், சாம்பார் மட்டும் இலைக்கு வெளியே ஊற்றப்படும். பிட் மரத்தில் சிக்கித் திணறினாலோ பலகை நகர்ந்தாலோ இதுதான் நடக்கும்.

எனவே எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதுதான் எல்லாம். பலகையை அசையாமல் இறுக்கி, ஒரு தாள் துண்டை மேலே வைத்து, தாளை இழுத்தால் லேசாகப் பிடிக்கும்வரை பிட்டை இறக்கி, அதைப் பூஜ்யம் என்று சொல்ல வேண்டும். பின்பக்கக் குழியையும் நடுத்துளையையும் முதலில் முடித்துவிட்டால், பலகையைத் திருப்பியதும் அந்தத் துளையின் மையமே முன்பக்கத்துக்கும் பூஜ்யம். ஓடும்போது முகக்கவசமும் கண்ணாடியும் வேண்டும். பக்கத்திலேயே நிற்கவும் வேண்டும். தேய்ந்து சூடாகும் பிட் தூளில் தீப்பற்ற வைக்கக்கூடும்.

உப்புத்தாள் போட்டு, பாலிஷ் காய்ந்தபின் மெஷினைப் பொருத்தலாம். அதற்குள்ளும் ஓர் எடுபிடி இருக்கிறான். குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 தடவை அதிரும்; அதைப் பதினைந்து முறை பாதியாக்கினால் நொடிக்கு ஒரு துடிப்பு. அந்தத் துடிப்பில் ஒரு குட்டி மோட்டார் அரைச் சுற்று சுற்றி முள்ளைத் தள்ளும். முள் நகர்ந்ததா என்று அதுவும் பார்ப்பதில்லை. பேட்டரி தீரும்போது நொடிமுள் ஒரே இடத்தில் துடித்துக்கொண்டிருப்பது அதனால்தான். கனமான மரமுள் மாட்டினாலும் அடி தவறி நேரம் பின்தங்கும். முள்ளையும் மரத்தில் செதுக்க ஆசையிருந்தால் கடையில் 'ஹை டார்க்' மெஷின் என்று கேட்டு வாங்குங்கள்; சாதாரண மெஷினுக்கு அதோடு வரும் அலுமினிய முள்ளே போதும்.